வாடகைத் தரகரும் வீட்டு உரிமையாளரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மடிப்பாக்கத்தில் ஒன்றும் பெருங்குடியில் ஒன்றுமாக எங்கள் குடும்பத்துக்கு இரண்டு அடுக்கக வீடுகள் உள்ளன. இரண்டையும் பல ஆண்டுகளாகத் தரகர்கள் வழியாகத்தான் வாடகைக்கு விட்டு வருகிறோம். முதன்முறையாக வீட்டை வாடகைக்கு விடும் உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். இவை சென்னையையும் தமிழ்நாட்டுச் சட்டத்தையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை.

இணையத்தில் இலவசமாக விளம்பரம் செய்ய முடியும் இந்தக் காலத்தில் தரகர் எதற்கு?

உங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவிலேயே நீங்கள் குடியிருந்து, வருகிறவர்களுக்கெல்லாம் கதவைத் திறந்துகாட்ட நேரமும் இருந்தால், தரகர் இல்லாமலே சமாளித்துவிடலாம். வாசலில் தொங்கும் டு-லெட் பலகை இன்றைக்கும் வேலை செய்கிறது. அந்தத் தெருவிலேயே வாழ விரும்புகிறவர்கள்தான் அதைப் பார்த்துக் கூப்பிடுகிறார்கள் என்பது அதன் தனிச்சிறப்பு. ஆனால் நீங்கள் வேறு பகுதியில் இருந்தால், சனி, ஞாயிறுகளில் பத்துப் பேர் பத்து நேரத்தில் வந்து பார்க்கும் வேலையை வேறொருவர்தான் செய்ய வேண்டும். இணைய விளம்பரத்துக்கு வரும் அழைப்புகளிலும் கணிசமானவை தரகர்களிடமிருந்தே வருகின்றன என்பதை ஒருமுறை விளம்பரம் கொடுத்தவர்கள் அறிவார்கள்.

தரகரிடமிருந்து நாம் வாங்குவது அவருடைய அலைச்சலும் அந்தப் பகுதியைப் பற்றிய அறிவும்தான். எந்தத் தெருவில் எவ்வளவுக்கு வீடு போகிறது, எந்த அலுவலகம் இடம் மாறுகிறது, எந்தப் பள்ளியில் சேர்க்கை முடிந்து எத்தனை குடும்பங்கள் வீடு தேடுகின்றன என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். வருகிறவர் எப்படிப்பட்டவர் என்ற தீர்ப்பையும் சேர்த்து அவரிடமே விட்டுவிடும்போதுதான் சிக்கல் ஆரம்பமாகிறது.

கமிஷன் யார் கொடுப்பது? எவ்வளவு?

சென்னையில் பொதுவான வழக்கம், குடிவருகிறவர் ஒரு மாத வாடகையைக் கமிஷனாகக் கொடுப்பது. உரிமையாளரிடமும் சில தரகர்கள் அரை மாதமோ ஒரு மாதமோ கேட்பார்கள்; சில பகுதிகளில் கேட்பதே இல்லை. இதை எந்தச் சட்டமும் நிர்ணயிக்கவில்லை, பேசிக்கொள்வதுதான் கணக்கு.

"நமக்குச் செலவில்லை" என்று பெரும்பாலான உரிமையாளர்கள் இதில் மகிழ்ந்துபோகிறார்கள். நான் அப்படி நினைப்பதில்லை. குடிவருகிறவரின் பணம் மட்டுமே தரகருக்குக் கிடைக்கிறது என்றால், அந்த மனிதரை எப்படியாவது உங்கள் வீட்டில் குடியேற்றுவது மட்டுமே அவருடைய அக்கறையாக இருக்கும். குடிவருகிறவர் முந்தைய வீட்டைக் காலி செய்த காரணம், நான்கு பேர் என்று சொல்லிவிட்டு ஏழு பேர் வரப்போகும் செய்தி ஆகியவை தரகருக்குத் தெரிந்திருந்தாலும் உங்கள் காதுக்கு வராது. மறைக்க வேண்டும் என்ற கெட்ட எண்ணம்கூடத் தேவையில்லை. சொன்னால் அன்றைய வருமானம் போய்விடும், அவ்வளவுதான்.

அதனால், கேட்காவிட்டாலும் அரை மாத வாடகையை நானே கொடுத்துவிடுகிறேன். அதையும் இரண்டாகப் பிரித்து, பாதியைச் சாவி கொடுக்கும் நாளிலும், மீதியை மூன்றாம் மாத வாடகை ஒழுங்காக வந்த பிறகும் தருவதாக முதலிலேயே பேசிக்கொள்கிறேன். முதன்முறை இதைச் சொன்னபோது மடிப்பாக்கத்துத் தரகர் சிரித்தார், ஆனால் ஒப்புக்கொண்டார். அடுத்த ஆண்டு அவரே ஒருவரை அழைத்துவந்து காட்டிவிட்டு, அவரை அனுப்பிய பின் திரும்பி வந்து, "சார், இவங்க வேண்டாம், போன இடத்துலயும் பிரச்சினை" என்று சொல்லிவிட்டுப் போனார். சில ஆயிரம் ரூபாய்க்கு அது மலிவு.

தரகர்களுக்கு அரசுப் பதிவு உண்டா? பதிவு எண்ணைக் கேட்கலாமா?

ரெரா என்று அழைக்கப்படும் 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின்படி, பதிவு செய்யப்பட்ட திட்டங்களில் மனை, வீடு விற்பனைக்கு இடைநிற்கும் முகவர்கள் பதிவு செய்தாக வேண்டும். அந்தக் கட்டாயம் விற்பனை, வாங்குதல் ஆகியவற்றைச் சார்ந்தது. வாடகைக்கு ஆள் பிடித்துத் தருகிறவருக்கு அது பொருந்தாது. எனவே ஒருவர் தன் முகவரி அட்டையில் ரெரா எண்ணை அச்சிட்டிருந்தால், அதை வைத்து அவருடைய வாடகைத் தொழிலின் நேர்மையை அளக்க முடியாது.

உண்மையான சான்று வேறு இடத்தில் இருக்கிறது. அவருக்கு அந்தப் பகுதியில் நிலையான கடையோ அலுவலகமோ இருக்கிறதா, எத்தனை ஆண்டுகளாக இருக்கிறது, அவர் ஆள் வைத்துக் கொடுத்த இரண்டு வீடுகளின் உரிமையாளர்களிடம் நீங்கள் பேச முடியுமா என்று பாருங்கள். ஜெராக்ஸ் கடை, இஸ்திரிக் கடை, மளிகைக் கடை ஆகியவற்றை நடத்திக்கொண்டே தரகு பார்க்கிறவர்களை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். அவர் நாளைக்கும் அதே தெருவில் முகம் கொடுத்தாக வேண்டும். தொலைபேசி எண் மட்டுமே அடையாளமாக உள்ளவரிடம் அந்தக் கூச்சத்தை எதிர்பார்க்க முடியாது.

ஒரே தரகரிடம் சொல்வதா, பலரிடம் சொல்வதா?

இரண்டு அல்லது மூன்று பேர் போதும். பத்துப் பேரிடம் சொன்னால் ஒரே வீட்டுக்குப் பத்து விதமான வாடகை ஊருக்குள் சுற்றும்; "அந்த வீடு ரொம்ப நாளா காலியா கிடக்கு, என்னவோ கோளாறு" என்ற பேச்சும் சேர்ந்து வரும். ஒரே குடும்பத்தை இரண்டு தரகர்கள் அழைத்துவந்து கமிஷனுக்குச் சண்டையிடுவதும் நடக்கும். யார் முதலில் அழைத்துவந்தாரோ அவருக்கே என்ற விதியை முன்கூட்டியே எல்லாரிடமும் சொல்லி, வருகிறவர்களின் பெயரையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டால் அந்தத் தகராறு எழாது.

முதல் சந்திப்பில் தரகரிடம் என்னென்ன சொல்லிவிட வேண்டும்?

வாடகை, அட்வான்ஸ், பராமரிப்புக் கட்டணம் ஆகிய மூன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். "எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்று சொன்னால், பராமரிப்புக் கட்டணத்தை அடுக்ககச் சங்கம் உயர்த்தும்போது அந்தச் சுமை உங்கள் தலையில் விழும். கார் நிறுத்த இடம் மூடியதா, திறந்ததா, அல்லது இரு சக்கர வாகனத்துக்கு மட்டுமா என்பதையும், வீட்டுக்குத் தனி மின் இணைப்பு உள்ளதா என்பதையும் சொல்லிவிடுங்கள்.

தண்ணீரைப் பற்றி உண்மையைச் சொல்லுங்கள். தென்சென்னையில் வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்: போர் தண்ணீரா, மெட்ரோ வாட்டரா, கோடையில் லாரி வாங்க வேண்டுமா, வாங்கினால் செலவை யார் ஏற்பது? 2019 கோடையில் நகரம் பட்ட பாடு யாருக்கும் மறக்கவில்லை. தரகர் "இருபத்து நாலு மணி நேரமும் தண்ணி" என்று அடித்துவிட்டு, ஏப்ரலில் குழாயில் காற்று வந்தால், குடிவந்தவர் சண்டைக்கு வருவது உங்களிடம்தான்.

வாடகை வங்கிக் கணக்கில்தான் வாங்கப்படும், மாதந்தோறும் ரசீது தரப்படும், பான் எண்ணும் தரப்படும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பழைய வரி முறையில் வீட்டு வாடகைப் படிக்கு விலக்குக் கோரும் மாதச் சம்பளக்காரர்கள், ஆண்டு வாடகை 1 லட்சம் ரூபாயைத் தாண்டினால் உரிமையாளரின் பான் எண்ணை அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும். அதைத் தர மறுக்கும் உரிமையாளர்கள் நிறையப் பேர் இருப்பதால், தருகிறேன் என்று சொல்லும் வீட்டுக்கு நிலையான வேலையில் இருப்பவர்கள் முன்வருகிறார்கள்.

எந்த மாதத்தில் வீட்டைத் தரகரிடம் கொடுப்பது நல்லது?

நம்பிக்கை உங்களுக்கு உண்டோ இல்லையோ, ஆடியிலும் மார்கழியிலும் புது வீட்டில் பால் காய்ச்சப் பெரும்பாலானோர் வருவதில்லை. ஜூலை நடுவில் காலியாகும் வீடு ஆகஸ்டு நடுப்பகுதி வரையிலும், டிசம்பர் நடுவில் காலியாகும் வீடு பொங்கல் வரையிலும் பூட்டிக் கிடக்க வாய்ப்பு அதிகம். பள்ளி விடுமுறையான ஏப்ரல், மே மாதங்களில்தான் குடும்பங்கள் அதிகமாக வீடு மாற்றுகின்றன. ஒப்பந்தக் காலத்தை இதற்கு ஏற்பப் பத்து மாதமாகவோ பதினொரு மாதமாகவோ அமைத்து, முடியும் தேதி மே மாதத்தை ஒட்டி வரும்படி செய்துகொள்வது நான் தாமதமாகக் கற்றுக்கொண்ட தந்திரம். ஆடியில் அவசரப்பட்டுத் தரகரை நெருக்கினால், வேறு எங்கும் வீடு கிடைக்காதவரை அவர் அழைத்துவரக்கூடும்.

தரகர் சொல்லும் வாடகையை நம்பலாமா?

வீட்டைத் தன் கையில் பிடிக்க அதிகமாகச் சொல்கிறவரும் உண்டு. விரைவாக முடிக்கக் குறைத்துச் சொல்கிறவரும் உண்டு. அதே வளாகத்தில் கடைசியாகக் குடிவந்த இருவரிடம் நேரடியாகக் கேளுங்கள். 22,000 ரூபாய் கிடைக்கும் வீட்டுக்கு 24,000 கேட்டு இரண்டு மாதம் பூட்டி வைத்தால் இழப்பு 44,000. கூடுதலாகக் கிடைக்கும் இரண்டாயிரத்தில் அதை ஈடுகட்ட 22 மாதங்கள் ஆகும். இந்தக் கணக்கை ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்த பிறகு நான் வாடகையில் பிடிவாதம் பிடிப்பதில்லை.

சாதி, மதம், சைவம், பேச்சிலர் என்றெல்லாம் தரகரிடம் நிபந்தனை சொல்லலாமா?

பலர் சொல்கிறார்கள். தரகர்களே வீடு தேடி வருகிறவரிடம் "நீங்க என்ன ஆளுங்க?" என்று உரிமையாளர் பெயரைச் சொல்லிக் கேட்டுவிடுகிறார்கள், உங்களுக்குத் தெரியாமலே உங்கள் வாசலிலிருந்து மனிதர்கள் அவமானப்பட்டுத் திரும்புகிறார்கள். நான் தரகரிடம் முதல் நாளே, இந்தக் கேள்வியை என் வீட்டுக்காக யாரிடமும் கேட்கக் கூடாது என்று சொல்லிவிடுவேன். அது முறையற்றது என்பதோடு, ஒருவர் வாடகையை ஒழுங்காகக் கொடுப்பாரா, கழிவறைக் குழாய் ஒழுகினால் உடனே சொல்வாரா என்பதைப் பற்றி அந்தப் பதில் எதையும் சொல்வதில்லை.

திருமணமாகாதவர்களைப் பற்றிய அச்சமும் பெரும்பாலும் மிகை. பெருங்குடி வீட்டில் இருந்த மூன்று மென்பொருள் ஊழியப் பெண்கள் நான்கு ஆண்டுகளில் ஒருமுறைகூட ஐந்தாம் தேதியைத் தாண்டவில்லை. அவர்கள் போன பிறகு வந்த குடும்பத்தின் பிள்ளைகள் ஹால் சுவர் முழுவதும் கிரேயானில் ரயில் வரைந்து வைத்திருந்தார்கள். எத்தனை பேர் தங்குவார்கள் என்ற எண்ணிக்கையை ஒப்பந்தத்தில் எழுதுவது நியாயமான நிபந்தனை. அடுக்ககச் சங்கத்தில் விதிகள் இருந்தால் அவற்றையும் முன்கூட்டியே காட்டிவிட வேண்டும்.

சாவியைத் தரகரிடம் கொடுத்து வைக்கலாமா? டோக்கன் அட்வான்ஸை அவர் வாங்கலாமா?

வீடு முழுதும் காலியாக இருந்தால் ஒரு சாவியைக் கொடுத்து வைப்பதில் பெரிய தீங்கில்லை. மின்விசிறி, கீசர், விளக்குகள் உட்பட எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் எடுத்துவிட்டுக் கொடுங்கள். ஆள் முடிவானதும் பூட்டை மாற்றிவிடுங்கள். பழைய குடித்தனக்காரர் இன்னும் இருக்கும்போது காட்டுவதானால், 24 மணி நேரத்துக்கு முன் அவருக்குத் தெரிவிக்காமல் தரகர் கதவைத் தட்டக் கூடாது. உரிமையாளர் உள்ளே நுழையவே சட்டம் முன்னறிவிப்பைக் கேட்கிறது.

டோக்கன் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பல ஆண்டுகளுக்கு முன் நான் ஊரில் இல்லாத சமயத்தில், ஒரு தரகர் எங்கள் மடிப்பாக்கம் வீட்டுக்கு ஒரு குடும்பத்திடம் ஐயாயிரம் ரூபாய் டோக்கன் வாங்கியிருக்கிறார். அதை என்னிடம் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து அதிக வாடகைக்கு இன்னொருவர் வரவே, அவரை, ஊர் திரும்பியிருந்த என்னிடம் அழைத்துவந்து ஒப்பந்தம் முடித்தார். ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை ஐந்தரை மணிக்கு இரண்டாம் குடும்பம் பால் காய்ச்சிக்கொண்டிருக்கும்போது, முதல் குடும்பம் குத்துவிளக்கு, சாமி படம், ஒரு குடம் தண்ணீர், உப்பு, துவரம்பருப்பு சகிதம் ஆட்டோவில் வந்து இறங்கியது. வயதான அம்மா ஒருவர் சாமி படத்தை நெஞ்சோடு அணைத்தபடி படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். தரகரின் கைப்பேசி அன்று முழுவதும் அணைந்திருந்தது. ஐயாயிரத்தை நான் என் கையிலிருந்து கொடுத்தேன்; அந்த அம்மாவிடம் என்ன சொல்வதென்று மட்டும் தெரியவில்லை. அதிலிருந்து, டோக்கன் என் வங்கிக் கணக்குக்கு வந்தால்தான் வீடு பேசி முடிந்ததாக அர்த்தம் என்று தரகரிடமும் வீடு பார்க்க வருகிறவரிடமும் சொல்லிவிடுகிறேன்.

வருகிறவரைப் பற்றித் தரகரே விசாரித்துவிட்டேன் என்கிறார். போதாதா?

போதாது. தரகர் "நல்ல ஃபேமிலி சார்" என்று சொல்வது அவர் தொழிலின் வணக்கச் சொல். அதற்கு மேல் பொருள் இல்லை. ஆனால் தரகரிடம் சில தாள்களைச் சேகரிக்கச் சொல்லலாம்: ஆதார் நகல், வேலை அடையாள அட்டை, சமீபத்திய சம்பளச் சீட்டு அல்லது தொழில் நடத்துகிறவரானால் ஜிஎஸ்டி அல்லது வருமான வரிக் கணக்கின் நகல், இப்போதைய வீட்டின் முகவரி. ஆதார் அட்டையில் உள்ள கியூஆர் குறியீட்டை ஆதார் ஆணையத்தின் செயலியில் ஸ்கேன் செய்து, வரும் பெயரும் படமும் அட்டையோடு ஒத்துப்போகிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ள ஒரு நிமிடம் போதும்.

அடுத்த வேலை பேசுவது. இப்போதைய வீட்டு உரிமையாளரை அழைத்தால் அவர் புகழ்ந்துதான் பேசுவார். தொல்லை தருகிறவராக இருந்தால் இன்னும் அதிகமாகப் புகழ்வார், ஏனென்றால் காலி செய்தால் போதும் என்று அவர் காத்திருப்பார். அதற்கு முந்தைய வீட்டு உரிமையாளரின் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அவருக்கு எந்த லாப நட்டமும் இல்லை. "வாடகை ஒழுங்காக வந்ததா?" என்று கேட்டால் "வந்தது" என்பார். "மறுபடி கேட்டால் அவருக்கே வீடு கொடுப்பீர்களா?" என்று கேளுங்கள். பதிலுக்கு முன் வரும் மௌனத்தின் நீளத்தைக் கவனித்தாலே போதும்.

முடிந்தால், ஒப்பந்தத் தாளில் ஒரு விவரம் கேட்க வேண்டும் என்ற சாக்கில் அவர்கள் இப்போது குடியிருக்கும் வீட்டுக்கே போய்வாருங்கள். ஒரு காபி குடிக்கும் நேரத்தில், குளியலறைக் கதவின் அடிப்பகுதி, சமையலறை மேடையின் விளிம்பு, சுவிட்சுப் பலகையைச் சுற்றியுள்ள சுவர் ஆகியவற்றைப் பார்த்துவிடலாம். உங்கள் வீடு இரண்டு ஆண்டு கழித்து எப்படி இருக்கும் என்பது ஏறக்குறைய அங்கேயே தெரிந்துவிடும். கூச்சமாக இருக்கிறது என்று நினைப்பவர்கள் மனைவியையோ அம்மாவையோ அழைத்துச் செல்லலாம். என் அம்மா இந்த வேலையில் என்னைவிடக் கெட்டிக்காரர்.

வருமானத்தில் வாடகை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது என்பது என் சொந்த அளவுகோல். சொந்தத் தொழில் செய்கிறவர்களுக்கு இதை அப்படியே பொருத்திப் பார்க்க மாட்டேன்.

காவல் நிலையத்தில் தகவல் கொடுக்க வேண்டுமா?

கொடுத்துவிடுங்கள். 2012 பிப்ரவரியில் வேளச்சேரியில் வங்கிக் கொள்ளை வழக்கில் தேடப்பட்ட ஐவர் ஒரு வாடகை வீட்டில் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்ட நிகழ்வுக்குப் பின், வாடகைதாரர் விவரங்களைக் காவல் நிலையத்தில் தர வேண்டும் என்று சென்னைக் காவல்துறை உரிமையாளர்களுக்கு ஆணையிட்டது. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் வாடகைதாரர் சரிபார்ப்புக்கென்றே ஒரு சேவை உள்ளது. தரகர் "நான் கொடுத்துட்டேன்" என்று சொன்னால் அதற்கான ஒப்புகையைக் கேட்டு வாங்குங்கள்.

ஒப்பந்தத்தைத் தரகரே தயாரித்துத் தருகிறார். கையெழுத்துப் போட்டால் போதுமா?

பெரும்பாலும் அவர் கொண்டுவருவது, ஜெராக்ஸ் கடைக் கணினியில் பெயரையும் தொகையையும் மட்டும் மாற்றிய பதினொரு மாத ஒப்பந்தம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொல்வதால் பிறந்த வழக்கம் இந்தப் பதினொரு மாதம். "பதினொரு மாசம்தான் சார், எங்கேயும் பதிவு வேண்டாம்" என்று தரகர் சொல்லும்போது, அவர் பழைய காலத்துக் கணக்கைச் சொல்கிறார்.

உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்தை அது பிடித்தது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். இதற்கென அரசு நியமித்த வாடகை அதிகாரியிடம் அது பதிவு செய்யப்பட்டு ஒரு பதிவு எண் பெறப்பட வேண்டும். இதற்கான இணையவழி வசதி உள்ளது. இந்த வேலையைத் தரகர் செய்து தருவார் என்றால் அதற்குத் தனியாகப் பணம் கொடுக்கலாம். ஆனால் எண் கைக்கு வந்த பிறகு.

தரகரின் தாளில் வழக்கமாக விடுபடுபவற்றை நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள். தங்குவோர் எண்ணிக்கை, உள்வாடகைக்கும் லீசுக்கும் தடை, வாடகை உயர்வு, காலி செய்ய இரு தரப்பும் தர வேண்டிய முன்னறிவிப்பு, பெயின்ட் செலவு யாருடையது, சாவி ஒப்படைக்கும் நாளின் மின் மீட்டர் அளவு ஆகியவை முக்கியமானவை. வீட்டு மின் கணக்கெடுப்பு இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை என்பதால், மீட்டர் அளவை எழுதாவிட்டால் பழையவர் ஓட்டிய ஏசிக்குப் புதியவர் பணம் கட்ட நேரும். முதல் மாதமே மனத்தாங்கல் தொடங்கிவிடும்.

அட்வான்ஸ் பத்து மாதம் வாங்கித் தருவதாகத் தரகர் சொல்கிறார். வாங்கலாமா?

பத்து மாத அட்வான்ஸ் சென்னையின் பழைய பழக்கம். 2017-ஆம் ஆண்டுச் சட்டம், வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொண்டாலொழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. காலி செய்தபின் உரிய கழிவுகள் போக ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்றும் சொல்கிறது. பெரிய அட்வான்ஸ் நல்ல குடித்தனக்காரருக்கு அத்தாட்சி ஆகாது. அது உங்கள் கையில் உள்ள கடன். அவர் காலி செய்கிறேன் என்று சொல்லும் நாளில் அந்தத் தொகை உங்களிடம் இல்லாவிட்டால், சண்டையில் தவறு உங்கள் பக்கம். நான் மூன்று மாதத்தோடு நிறுத்திக்கொண்டு, அதை நிரந்தர வைப்பில் போட்டுவிடுகிறேன்.

நான் வெளிநாட்டில் இருக்கிறேன். தரகரே வீட்டை எடுத்து நடத்துவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் சென்னையில் திரும்பத் திரும்ப வழக்காகும் மோசடி ஒன்று இங்கேதான் ஆரம்பிக்கிறது.

தரகர் அல்லது ஒரு நிறுவனம், "உங்கள் வீட்டை நாங்களே வாடகைக்கு எடுத்துக்கொள்கிறோம், ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதம் 25,000 வந்துவிடும்" என்று சொல்லி உங்களோடு ஒப்பந்தம் போடும். பிறகு அதே வீட்டை லீசுக்கு என்று விளம்பரம் செய்து, வீடு தேடும் ஒரு குடும்பத்திடம் எட்டு லட்சமோ பத்து லட்சமோ மொத்தமாக வாங்கிக்கொள்ளும். அந்தக் குடும்பம், மாத வாடகை இல்லை, மூன்று ஆண்டு முடிந்ததும் முழுத்தொகையும் திரும்ப வரும் என்று நம்பிக் குடியேறும். அந்தப் பணத்திலிருந்தே உங்களுக்குச் சில மாதங்கள் வாடகை வரும். ஒரு நாள் நின்றுவிடும். நீங்கள் ஊருக்கு வந்து கதவைத் தட்டினால், உள்ளே இருப்பவர் நகையை விற்றுப் பணம் கட்டியவராக இருப்பார். கையில் யாரோ ஒருவர் கையெழுத்துப் போட்ட லீஸ் பத்திரம் வைத்திருப்பார். பணம் திரும்பி வரும்வரை நகர மாட்டேன் என்பார். அவரையும் குறை சொல்ல முடியாது.

இதைத் தவிர்க்கும் வழி கடினமானதன்று. ஒப்பந்தம் வீட்டில் உண்மையாகக் குடியிருக்கப்போகும் மனிதரோடு நேரடியாகப் போடப்பட வேண்டும். கையெழுத்துக்கு முன் அவரோடு காணொளியில் பேசுங்கள். வாடகை அவருடைய வங்கிக் கணக்கிலிருந்தே வர வேண்டும். வேறு பெயரிலிருந்து வந்தால் அதே மாதம் காரணம் கேளுங்கள். உங்களுக்குப் பதில் கையெழுத்திட ஆள் தேவைப்பட்டால் அதிகாரப் பத்திரத்தை (பவர் ஆஃப் அட்டர்னி) உறவினருக்குக் கொடுங்கள், தரகருக்குக் கொடுக்காதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது, சொல்லிவிட்டு, யாராவது ஒருவர் நேரில் போய்வர வேண்டும். பராமரிப்புக்கு மட்டும் தரகரையோ வேறொருவரையோ நியமித்தால், அவர் பெயரையும் எந்தெந்த வேலைக்கு அதிகாரம் பெற்றவர் என்பதையும் குடியிருப்பவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது.

வரிச் சிக்கலையும் தரகர் சொல்ல மாட்டார். உரிமையாளர் வருமான வரிச் சட்டப்படி வெளிநாடுவாழ் இந்தியராக இருந்தால், வாடகைத் தொகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும், குடியிருப்பவர் வரியைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைக் கொடுக்க வேண்டும். இதை முதலிலேயே சொன்னால் சிலர் பின்வாங்குவார்கள். சொல்லாமல் விட்டால் பின்னாளில் நோட்டீஸ் அவர்களுக்கு வரும், கோபம் உங்கள்மேல் வரும்.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது தரகர் மறுபடி கமிஷன் கேட்கிறார். தர வேண்டுமா?

அவர் புதிதாக எந்த வேலையும் செய்யவில்லையென்றால் தேவையில்லை. ஆனால் இதே கேள்வியின் இன்னொரு முகத்தைக் கவனியுங்கள்: ஒவ்வொரு முறை ஆள் மாறும்போதும்தான் தரகருக்கு வருமானம். நல்லபடியாகக் குடியிருப்பவரிடமே "இதைவிட நல்ல வீடு இருக்கு" என்றும், உங்களிடம் "இதைவிட அதிக வாடகைக்கு ஆள் இருக்கு" என்றும் ஒரே வாரத்தில் பேசும் தரகரை நான் பார்த்திருக்கிறேன். நல்லவர் கிடைத்துவிட்டால் ஆண்டு உயர்வில் ஐந்நூறோ ஆயிரமோ விட்டுக்கொடுத்து அவரைத் தக்கவைத்துக்கொள்ளுங்கள். தரகருக்குத் தீபாவளிக்கு ஓர் இனிப்புப் பெட்டி அனுப்பினால் உறவும் கெடாது.

குடிவந்தவர் வாடகை தருவதை நிறுத்திவிட்டார். அழைத்துவந்த தரகர் பொறுப்பேற்பாரா?

மாட்டார், சட்டப்படியும் அவரைப் பிடிக்க வழி அரிது. இரண்டு முறை பேசிப் பார்க்கச் சொல்லலாம், சில சமயம் அது பலிக்கும். ஆனால் தரகரோ வேறு யாரோ "ஆளை வைத்து மிரட்டிக் காலி பண்ணித் தருகிறேன்" என்று சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். தண்ணீரையோ மின்சாரத்தையோ துண்டிப்பதும் சட்டத்துக்குப் புறம்பானது; அதைச் செய்தால் வாடகை அதிகாரியிடம் புகார் கொடுக்கும் உரிமை குடியிருப்பவருக்கு உண்டு. வாடகை பாக்கி என்பது வீட்டைத் திரும்பப் பெறச் சட்டம் ஏற்கும் காரணங்களில் ஒன்று. பாக்கி இரண்டு மாதத்தை எட்டும்போதே எழுத்தில் நோட்டீஸ் அனுப்பிவிட்டு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். ஒப்பந்தத்தின் பதிவு எண்ணையும், ஒவ்வொரு மாதமும் வாடகை வந்த வங்கிப் பதிவையும் அவர் முதலில் கேட்பார்.